கல்வாழைக்குத் தண்ணீர்: எவ்வளவு, எப்போது, எந்தத் தண்ணீர்?

கேள்வி, தாம்பரம் வாசகர், 2023 ஏப்ரல் 26

கல்வாழை சாக்கடை ஓரத்திலேயே செழித்து வளர்கிற செடி, அதற்கு எவ்வளவு ஊற்றினாலும் தகும், அளவெல்லாம் பார்க்க வேண்டாம் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். நானும் காலையும் மாலையும் தொட்டி நிரம்ப ஊற்றுகிறேன். அப்படியும் இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது. பூந்தண்டு வருகிறது, மொட்டிலேயே காய்ந்துவிடுகிறது. தண்ணீர் அதிகமா, குறைவா?

2023 ஏப்ரல் 27

குறைவு.

தொட்டி நிரம்ப என்கிறீர்கள். ஊற்றியதும் அடித்துளை வழியாக எவ்வளவு வெளியே ஓடுகிறது என்று பார்த்தீர்களா? கிழங்கு பெருத்துத் தொட்டியை அடைத்துக்கொண்டால் மண்ணுக்கு இடமே இருக்காது. தண்ணீர் ஓரமாக இறங்கிப் போய்விடும், நடுவில் உலர்ந்தே கிடக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்.

இந்தச் செடியின் இலையைப் பாருங்கள், வாழையிலையின் தங்கை. அவ்வளவு அகலமான பரப்பில் வெயில் அடிக்கும்போது வேர் அனுப்புவதையெல்லாம் இலை காற்றில் விட்டுவிடும். குரோம்பேட்டையில் என் வீட்டுப் பின்புறம் பத்துத் தண்டு உள்ள ஒரு புதர் இருக்கிறது. ஏப்ரலில் அதற்கு நாளுக்கு ஒரு குடம், பதினைந்து லிட்டர், ஊற்றுகிறேன். அதுவும் தரையில் நிற்கிற செடி. தொட்டிச் செடிக்கு இன்னும் சீக்கிரம் தாகம் எடுக்கும்.

2023 ஏப்ரல் 27, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. "சாக்கடை ஓரம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாயவரத்தில் பாட்டி வீட்டுக் கொல்லையில் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் சேம்பும் கல்வாழையும் நிற்கும். எல்லா வீட்டுக் கொல்லையிலும் அப்படித்தான். ஆனால் அந்தத் தண்ணீர் ஒருபோதும் அங்கே தேங்கியதில்லை. சிறு வாய்க்கால் ஒன்று செடியின் காலைத் தொட்டுக்கொண்டு தென்னைக்குப் போகும், அங்கிருந்து வேலியோரம் போகும். காலையில் நாலைந்து பேர் குளிக்கும்போது நனையும், பகலில் மண் மூச்சு விடும், மாலையில் மறுபடி நனையும். ஒரு நாள் வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் பாட்டி களைக்கொத்தோடு போய்விடுவார். அந்தப் பராமரிப்பை மறந்துவிட்டு, சாக்கடை என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

2023 மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு என் செடிகளின் இலைகள் தொங்கி, ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு நின்றன. மண்ணைத் தொட்டால் ஈரம் இருந்தது. நான் ஊற்றவில்லை. ஆறரை மணிக்குப் பார்த்தபோது நிமிர்ந்துவிட்டன.

நடுப்பகலில் துவள்வதைத் தாகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேர் தருவதைவிட இலை அதிகம் செலவழிக்கிறது, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கும் துவண்டே இருந்தால்தான் அது தாகம்.

2023 மே 9

மேலே "நாளுக்கு ஒரு குடம்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். தரையில் இருக்கும் புதருக்குச் சொல்கிறேன், தொட்டிக்கு இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு குடமாக ஊற்றிப் பார்த்தேன். அளவு அதேதான், ஆனால் நீர் ஒரு முழ ஆழம் இறங்குகிறது. நாள்தோறும் ஊற்றியபோது மேல்மண்தான் நனைந்தது, வெயில் அதைப் பத்து மணிக்குள் குடித்துவிட்டது. எங்கள் பக்கம் சரளை கலந்த செம்மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். மணலில் இரண்டு குடத்தையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வேருக்குக் கீழே போய்விடும். அங்கே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

மூடாக்கு போட்டீர்களா என்று யாருமே பேசவில்லை. தேங்காய் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி செடியைச் சுற்றி அடுக்குங்கள். தென்னந்தோப்புகளில் பாத்திக்குள் மட்டை புதைப்பார்களே, அதே முறை. மட்டை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடும். அதற்கு மேல் வேப்பஞ்சருகு. கிழங்கின் கழுத்தை மட்டும் மூடாதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

2023 மே 17

தாம்பரம் நண்பருக்கு. உங்கள் கேள்விக்கு நான் தந்த பதில் தவறாக இருக்கலாம்.

என்னிடம் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. அதே மண், அதே வெயில். மூன்றில் ஒன்றில் மட்டும் இலை ஓரம் கருகியது, உங்கள் செடியில் நடந்தது போலவே. ஒரு வாரம் வெயிலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மாலை அம்மா சமையலறையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சரியாக அந்தத் தொட்டியில் ஊற்றினார். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர். வீணாகப் போகிறதே என்று மூன்று மாதமாக ஊற்றி வருகிறாராம்.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியைக் கொண்டு அளந்தேன். ஆழ்துளைக் கிணற்று நீர் 950. கழிவுநீர் 1,350. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. குடிநீரிலிருந்து எடுத்த உப்பைக் கழிவில் சேர்த்து அனுப்புகிறது. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் இப்படி வெளியேறும். தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். கல்வாழை மற்ற செடிகளைவிட அதிகம் குடிப்பதால் அதனிடம் உப்பும் அதிகம் வந்து சேர்கிறது. இலையின் ஓரம்தான் நீர்ப்பாதையின் கடைசி நிலையம். அங்கே உப்பு குவிந்து எரிக்கிறது.

உங்கள் வீட்டிலும் அந்தக் கழிவுநீர் தொட்டிக்குப் போகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

2023 மே 18

போகிறதாம்.

உடனே நிறுத்துங்கள். அந்த நீரைத் தரை கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கு நல்ல நீரை மூன்று மடங்கு ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். கருகிய ஓரம் பச்சையாகத் திரும்பாது. புதிதாக விரியும் இலை சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. தண்ணீர் வீணாகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. 2019 கோடையை இந்த ஊரில் கழித்தவர் யாருமே ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. அந்தக் கோடையில் என் புதருக்குக் குளித்த தண்ணீரைத் தவிர ஒரு சொட்டுக்கூடத் தரவில்லை. பூக்கவில்லை. இலைகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் கிழங்கு தாக்குப்பிடித்தது. ஆகஸ்டு மழைக்குப் பிறகு ஏழு முளைகள் வந்தன.

2023 மே 21

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலாக, எந்தத் தண்ணீர் என்பது பற்றி.

குளித்த தண்ணீர்: நல்லது. அன்றன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். வாளியில் தேக்கி வைத்தால் நாற்றம் எடுக்கும், கொசு வரும். துணி துவைத்த தண்ணீர்: முதல் அலசல் வேண்டாம், சலவைத்தூளில் சோடியம் அதிகம், களிமண்ணை அது இறுக்கிவிடும். கடைசி அலசல் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீர்: எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நான் ஊற்றுவதில்லை. அரிசி களைந்த நீரைப் பற்றிக் கேட்டீர்கள், தாராளமாக ஊற்றலாம். மாடு இருந்த வீடுகளில் அது கழுநீர்ப் பானைக்குப் போயிற்று, இப்போது செடிக்குப் போகட்டும்.

ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரை யாரும் குறிப்பிடாதது ஆச்சரியம். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. நேற்றிரவு குழாயின் கீழே வாளி வைத்தேன், காலையில் பத்து லிட்டருக்கு மேல் இருந்தது. சென்னையின் புழுக்கத்துக்கு ஒரு பயன் உண்டு என்று முதல் முறையாகத் தோன்றியது. உப்பால் வாடிய தொட்டிக்கு அதைத்தான் ஊற்றி வருகிறேன்.

2023 ஜூன் 20

நேற்று மழை கொட்டியது, பள்ளிகளுக்கு விடுமுறை. ஜூனில் சென்னைக்கு இப்படி ஒரு மழை. இன்று காலை புதரில் ஒரே இரவில் ஒரு சாண் உயர்ந்த முளை இருந்தது. குடம் குடமாக இறைத்த தண்ணீருக்கு வராத பச்சை மழைக்கு வருகிறது.

2023 ஜூலை 11

பூவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில். கல்வாழையில் இதழ் என்று நாம் பார்ப்பது இதழே அல்ல, மாறிப்போன மகரந்தக் கேசரங்கள். உண்மையான இதழ்கள் அடியில் சிறிதாக, ஒடுங்கி இருக்கும். அதனால்தான் அந்தப் பட்டுத் துணிபோன்ற மென்மை. குழாயில் பீய்ச்சினால் கிழிந்துவிடும். தண்ணீரைக் காலில் ஊற்றுங்கள், தலையில் வேண்டாம்.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கறுப்பாக, குண்டு மணிபோல, கல்லாக இருக்கும். வெறும் நீரில் ஒரு மாதம் ஊறவைத்தாலும் உள்ளே ஈரம் புகாது. உப்புத்தாளில் ஒரு புறம் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, பிறகு ஒரு இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். அர்ஜென்டினாவில் ஒரு பழங்காலக் கல்லறையில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் இருந்த கல்வாழை விதை, சுமார் 600 ஆண்டு கழித்து முளைத்திருக்கிறது. தண்ணீரை இவ்வளவு விரும்பும் செடி, தன் விதைக்குள் மட்டும் அதை எளிதில் அனுமதிப்பதில்லை.

2023 செப்டம்பர் 14

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டியது தண்ணீர் சம்பந்தமானதாகத் தோன்றாது, ஆனால் சம்பந்தம் உண்டு. புதரைக் கலையுங்கள். பூத்து முடித்த தண்டு மறுபடி நல்ல பூத் தராது, தரையோடு அறுத்துவிடுங்கள். ஐப்பசியில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி நனைந்தே இருந்தால் துரு நோய் வரும், இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிபோல. போன ஆண்டு மாலையில் பூவாளியால் மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டில்தான் முதலில் வந்தது. அங்கிருந்து எனக்கு வந்தது. இரவு முழுவதும் இலை நனைந்திருக்கக்கூடாது. மழையை நாம் நிறுத்த முடியாது, நடுவே காற்றுக்கு வழிவிடலாம்.

நோய்வந்த இலையை உரக்குழியில் போடாதீர்கள்.

2023 அக்டோபர் 30

ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். இரவெல்லாம் நத்தைகளைப் பொறுக்குகிறேன். இலை விரியும் முன் சுருளாக இருக்கும்போதே தின்றுவிடுகின்றன. விரிந்த பிறகு பார்த்தால் ஒரே கோட்டில் வரிசையாக ஓட்டைகள்.

2023 நவம்பர் 12

இரண்டு புதர்களைப் பிரித்துப் புதிய இடத்தில் நட்டேன். மழைக்காலம், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்ற எண்ணம்.

2023 டிசம்பர் 11

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்றுதான் பின்புறம் போக முடிந்தது. டிசம்பர் 4 முதல் மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இலையெல்லாம் சேறு. புதிதாக நட்ட இரண்டு புதர்களும் போய்விட்டன. கிழங்கைத் தொட்டால் கூழாக நசுங்குகிறது, நாற்றம் தாங்கவில்லை.

ஈரம் விரும்பும் செடிக்கும் எல்லை உண்டு. தேங்கிய நீர் கல்வாழையைக் கொல்லும்.

2023 டிசம்பர் 29

குன்னூர் வாசகர் கேட்டதற்கு. உங்கள் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. உறைபனி விழுந்து இலை கறுத்துவிட்டால் மேலே உள்ளதை அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணுக்குள் சருகு மூடிப் படுக்கவிடுங்கள். குளிரில் கிழங்கு உறங்கும், நீர் குடிக்காது. அப்போது ஈரம் நின்றால் அழுகும். ஊட்டியிலும் குன்னூரிலும் மார்ச் வெயில் ஏறி முளை தெரியும்வரை குடத்தைத் தொட வேண்டாம். சென்னையில் அது உறங்குவதே இல்லை, மார்கழி தையில் நடையைத் தளர்த்துகிறது. நான் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். விடியற்பனி கொஞ்சம் உதவுகிறது.

2024 ஜனவரி 18

டிசம்பர் 11 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் பழைய புதரைப் பார்த்தேன். அதே வெள்ளத்தில், அதே மூன்று நாள், இன்னும் தாழ்வான இடத்தில் நின்ற புதர் அது. ஒரு அடி விட்டு அறுத்திருந்தேன். பதினோரு முளைகள். கிழங்கைச் சற்றுத் தோண்டிப் பார்த்தேன், முற்றிய சேப்பங்கிழங்குபோல உறுதியாக இருக்கிறது. தண்ணீர்தான் கொன்றது என்றால் இதுவும் செத்திருக்க வேண்டும்.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். செத்த இரண்டும் நான் நவம்பரில் கத்தியால் பிரித்து, வெட்டுவாய் காயாமல், அன்றைக்கே ஈரமண்ணில் புதைத்தவை. வெட்டுவாய் வழியாக அழுகல் புகுந்திருக்கிறது. வெள்ளம் அதை விரைவுபடுத்தியது. முழுக் கிழங்கு சில நாள் மூழ்கலைத் தாங்குகிறது. குளத்திலேயே நிற்கும் இனங்கள்கூட உண்டு. நீலம் கலந்த ஒடுங்கிய இலையும் வெளிர்மஞ்சள் பூவும் உள்ள கிளாக்கா, அதிலிருந்து அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்தில் உருவாக்கிய கலப்பினங்கள்.

ஆக, தாம்பரத் தெருக்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முழுவதும் மறுத்ததற்கு வருந்துகிறேன். தரையில் வேரூன்றி, காயமில்லாமல், வெப்பமான காலத்தில் நிற்கும் கல்வாழைக்கு நீர் மிகுந்தால் ஆபத்து குறைவு. தொட்டியிலும், குளிரிலும், வெட்டுப்பட்ட கிழங்கிலும் அதே நீர் எமன்.

2024 ஜனவரி 19

ஆமாம், கிழங்கு உண்ணத்தக்கது. அதற்கென்றே வளர்க்கும் வகை உண்டு. வியட்நாமில் அதன் மாவிலிருந்து கண்ணாடிபோன்ற சேமியா செய்கிறார்கள். வெள்ளத்தில் ஊறிய என் கொல்லைக் கிழங்கை நான் சாப்பிட மாட்டேன், யாரையும் சாப்பிடச் சொல்லவும் மாட்டேன்.

2024 மார்ச் 22

இலையில் நரம்போடு மஞ்சள் கோடுகள், எவ்வளவு ஊற்றினாலும் போகவில்லை என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். அது தண்ணீர்க் குறை இல்லை. வைரஸ். மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், கத்தியைக் கழுவுங்கள். மனம் வராது, எனக்கும் வரவில்லை. பாட்டி வீட்டிலிருந்து வந்த மஞ்சள் பூவில் செம்புள்ளி வகை அப்படித்தான் போயிற்று. அதே வகையை மூன்று நாற்றுப் பண்ணைகளில் தேடினேன். புள்ளி இருக்கிறது, அந்த மஞ்சள் இல்லை.

2024 மே 7

தாம்பரம் நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். சிவப்பு, ஒரே தண்டில் ஆறு பூ. இலை ஓரம் சுத்தமாக இருக்கிறது. தொட்டியை மாற்றவில்லை, மண்ணை மாற்றவில்லை. குளியல் நீரும் ஏசி நீரும் மட்டும். கத்திரியில் காலை நாலு லிட்டர், மாலை மூன்று லிட்டர் ஊற்றுகிறாராம். என் தொட்டிகளுக்கும் அதே கணக்குதான்.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது ஏசி வாளியை வைப்பதும் எடுப்பதும் அவர் பொறுப்பு. என்னைத் தொடவிடுவதில்லை.

2024 ஜூலை 3

கிழங்கு கேட்ட மூவருக்கும்: நேற்றுப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கண் இருக்கிறது. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, திண்ணையில் நிழலில் பரப்பியிருக்கிறேன். வெட்டிய இடம் தோல்போலக் காய நான்கு நாள் ஆகும், அதற்கு முன் யாருக்கும் தரமாட்டேன். நட்டவுடன் ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். பிறகு முளை தெரியும்வரை, மண் உலர்ந்தால் மட்டும் ஒரு சொம்பு. ஞாயிறு காலை வந்தால் எடுத்துக்கொள்ளலாம், செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பேன். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள்.